அரைச்சுத்து அண்ணனும் லட்சம் கிலோமீட்டர் பிளக்கும்

அரைச்சுத்து என்ற பெயரை அவருக்கு வைத்தது நான் இல்லை. ஆனால் அவர் பிழைப்பில் மண்ணைப் போட்ட வார்த்தை என் வாயிலிருந்துதான் புறப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும், படிக்கிறவர்களும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டியதில்லை.

நான் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. என் வீட்டுக்காரர் பூகோள வாத்தியார். உலகத்தில் எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் காரின் பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அதனால் கடை என் தலையில் விழுந்தது, நானும் கல்லாவை விட்டு எழுந்திருக்காமல் வாயை வைத்தே வியாபாரம் பண்ணக் கற்றுக்கொண்டேன். என் வாய்க்குப் பயந்து கடன் கேட்காதவர்கள் உண்டு. என் பேச்சைக் கேட்கவே வருகிறவர்களும் உண்டு.

கடைக்கு நேர் எதிரே ஒரு தகர ஷெட். ஒரு கார் நுழைந்தால் அடுத்த கார் தெருவில் நிற்க வேண்டும். அதுதான் அரைச்சுத்து அண்ணனின் ஒர்க்‌ஷாப். எனக்கு அவர் கூடப் பிறந்தவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக் கடை திறந்ததில் அண்ணன் தங்கை ஆகிவிட்டோம்.

பெயர் வந்த கதை இதுதான். கார் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒரு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். மற்ற மெக்கானிக்குகள் பிளக்கை ஸ்பேனரில் மாட்டி உள்ளே விட்டு ஒரே திருகாகத் திருகிவிடுவார்கள். இவர் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். ஒரு சாண் ரப்பர் ட்யூப்பை பிளக்கின் தலையில் செருகி, மெதுவாகக் குழிக்குள் இறக்கி, ட்யூப்பின் மேல்முனையை இரண்டே விரலால் உருட்டுவார். பிளக்கின் மரையும் இன்ஜினின் மரையும் ஒன்றையொன்று சரியாகப் பிடித்ததா, கோணலாக ஏறுகிறதா என்று அந்த விரல்கள் சொல்லும். கடைசி மரை வரைக்கும் விரலாலேயே போய் உட்கார வேண்டும். அப்புறம்தான் ஸ்பேனர். அதுவும் அரைச் சுற்று.

"புது பிளக்குக்கு அரைச்சுத்து. அதுக்கு மேல சுத்தறவன் மெக்கானிக் இல்ல, மல்லுக்கட்டறவன்" என்பார்.

கழற்றிய பழைய பிளக்குகளை முட்டை அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் எழுதி வரிசையாக வைத்து, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒவ்வொன்றாகக் காட்டி ஜாதகம் படிப்பார். நுனி லேசான பழுப்பாக இருந்தால் வண்டி ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் உள்ளே இன்ஜின் தேய்கிறது. வெளுத்துப் பொரிந்திருந்தால் வண்டி காய்ச்சலில் ஓடுகிறது. பார்க்க மாட்டேன், நேரமாகிறது என்று சொல்கிறவர்களை அடுத்த தடவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

எந்த பிளக் போடுவது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாதா பிளக் முப்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். பிளாட்டினம் அதைப்போல இரண்டு மடங்கு. இரிடியம் லட்சம் வரைக்கும் போகும். ஆனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதவாக்கு. பழைய வண்டிக்கு இரிடியம் போட்டால் பறக்குமா என்று கேட்டு வந்த ஒருவரிடம், "கிழவனுக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்கிக் குடுத்தா ஓடிடுவானா? வண்டி கேக்கறதைப் போடுங்க, உங்க ஆசையைப் போடாதீங்க" என்று சொல்லி, என் கல்லாவுக்கு வர வேண்டிய நல்ல வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் மனைவி, என் அண்ணி, தையல்காரி. மெஷினில் கால் ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. கண்ணாடி போட்டும் ஊசிக் காது தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்து அண்ணன் ஷெட்டுக்குக் கிளம்புமுன் இருபது ஊசியில் கலர் கலராக நூல் கோத்து, ஒரு பஞ்சு உருண்டையில் குத்தி வைத்துவிட்டு வருவார். காஜா எடுக்க, பொத்தான் தைக்க, ஓரம் மடிக்க அன்று முழுக்க அது போதும். "எங்க வீட்ல நாலு பிளக் மாட்டறதுக்கு முன்னாடி இருபது ஊசி மாட்டணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம் மாறினார்.

எனக்கு முதலில் ஸ்டாக்கில்தான் தெரிந்தது. சாதா பிளக் பெட்டிகள் தூசு படிந்து கிடக்க, இரிடியம் தீர்ந்துகொண்டே வந்தது. எந்த வண்டி ஷெட்டில் ஏறினாலும் தெரு தாண்டி அவர் குரல் வரும்.

"தங்கச்சி, இரிடியம் நாலு எடு!"

புது வண்டிக்கும் இரிடியம், பாட்டன் காலத்து வண்டிக்கும் இரிடியம். நான் சும்மா இருந்திருக்கலாம். வியாபாரிக்கு விலை உயர்ந்த சரக்கு ஓடினால் கசக்குமா? ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் நுணல் நான், கெட்டது அவர். ஒரு நாள் நாலைந்து பேர் நிற்கும்போது கல்லாவிலிருந்து கத்தினேன்.

"என்ன அண்ணே, இரிடியம் கம்பெனிக்காரன் உங்களுக்கு மாடி வீடு கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கானா? கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அந்த நாலைந்து பேரில் ஒருவன் ஹாரன். டாக்ஸி ஓட்டுகிறவன். தெருவில் நாய் படுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பதால் வந்த பெயர். அவன் காதில் விழுந்தது ஊர் காதில் விழுந்த மாதிரி. அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவன் வண்டியில் பிளக் மாற்றி நாற்பதாயிரம் ஓடிவிட்டது, இழுவை குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்று வந்தபோது அண்ணன், "இன்னும் ஓடும்ப்பா, அவசரப்படாத" என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார். எரியாத பெட்ரோல் போய்ப் போய் கடைசியில் சைலன்சருக்குள் இருக்கிற புகை வடிகட்டி கெட்டுவிட்டது. அவன் கணக்கு நேரானது. இரிடியம் வாங்குகிறவனுக்கு உடனே வேலை, வாங்காதவனுக்கு இழுத்தடிப்பு. இதற்கு என்ன பெயர்? கமிஷன்.

மூன்று மாதத்தில் டாக்ஸி ஸ்டாண்டே முனையில் இருக்கிற பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. அண்ணன் ஷெட்டில் ஒரு நாளைக்கு ஒரு வண்டி நின்றால் பெரிய விஷயம்.

இதில் இன்னொரு கூத்தும் எனக்குக் கேலியாகத்தான் பட்டது. சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றக் கூடாது, கழற்றினால் மரையும் சேர்ந்து கையோடு வந்துவிடும் என்பது அவருடைய பாலபாடம். முன்னெல்லாம் உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு "ஆறிடுச்சு" என்பார். இப்போது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தை வைத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணே, இன்ஜினைக் குளிப்பாட்டத் தண்ணி பதம் பாக்கறீங்களா?" என்று அதற்கும் கத்தினேன். அதற்கும் சிரித்தார்.

எங்கள் கார் குலுங்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். வீட்டுக்காரர், "வண்டிக்கு விக்கல் எடுக்குது" என்றார். பார்த்தால் பிளக் மாற்றி முப்பத்தெட்டாயிரம் ஆகியிருந்தது. கொண்டுபோய் ஷெட்டில் விட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமே" என்றார் அண்ணன்.

"முப்பதாயிரம்னு சொன்னது நீங்கதானே?"

"சரி, அப்ப இரிடியம் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விக்கறவகிட்டயே விக்கப் பாக்கறீங்களா? புத்தகத்துல சாதா பிளக்தான் போட்டிருக்கு. இந்தாங்க நாலு. உங்க கமிஷனை என்கிட்ட வெச்சுக்காதீங்க."

கேலிக்குச் சொல்வது வேறு, முகத்துக்கு நேரே சொல்வது வேறு. வித்தியாசம் எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். அவர் நாலு டப்பாவையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி வேலைக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும், நிமிர்வதும், மறுபடி குனிவதுமாக இருந்தார். முட்டை அட்டையைக் கொடுத்தபோது ஜாதகம் படிக்கவில்லை. நானும் கோபத்தில் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போகிற வழியில், பாலத்து நடுவில், டமால் என்று ஒரு சத்தம். டயர் வெடித்தது என்று நினைத்து நாலு டயரையும் சுற்றிச் சுற்றி வந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர் பானெட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். மூன்றாவது பிளக் குழியை விட்டு வெளியே எகிறி வந்து பானெட்டில் அடித்துவிட்டு அனாதையாகக் கிடந்தது. பிளக் மரையில் வெள்ளை வெள்ளையாக அலுமினியச் சுருள். இன்ஜினின் மரையைப் பிய்த்து எடுத்துக்கொண்டே வந்திருந்தது.

அந்த பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். கல்லாவை விட்டு நான் எழுந்ததைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர்களே ஒதுங்கி நின்றார்கள்.

"என்ன அண்ணே இது? ஒரு வாத்தியாரைப் பாலத்து நடுவுல கொல்லப் பாத்தீங்களா? அரைச்சுத்துன்னு பேரை வெச்சுக்கிட்டு மரையைக் கோணலா ஏத்தியிருக்கீங்க! சாதா பிளக்னா இப்படித்தான் மாட்டுவீங்களா? கமிஷன் வந்தாத்தான் நேரா ஏறுமா?"

அவர் பிளக்கை வாங்கினார். வாங்கியவர் அதைப் பார்க்கவில்லை. கீழுதட்டில் வைத்து மெதுவாக உருட்டினார். மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பயமாக இருந்தது.

"மூணாவதுதானே?" என்றார். "அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகம் இருந்தா ஏன் மாட்டினீங்க?"

"கோணலா ஏறுதோன்னு தோணிச்சு. ஆனா தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல, தங்கச்சி. விரல் ஒண்ணும் சொல்லல."

வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து காய்ந்திருந்தது. நடுவிரலில் புதிதாக இன்னொன்று. சைலன்சர் குழாயில் பட்டிருக்கிறது. எப்போது பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாராம்.

சர்க்கரை. பத்து வருஷமாக இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கால். செருப்பு கழன்று பின்னால் கிடக்க, ஒற்றைச் செருப்போடு கடைத்தெருவரை நடந்திருக்கிறார். அப்புறம் விரல் நுனிகள். டாக்டர் ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"ட்யூப்பை உருட்டறேன். ட்யூப் சுத்துது. உள்ள பிளக் சுத்துதா, ட்யூப் மட்டும் வழுக்குதான்னு கண்ணுக்குத் தெரியுமா? விரல்தான் சொல்லணும். அது செத்துப் போய் ஒரு வருஷம் ஆச்சு."

"அப்ப இந்த இரிடியம்?"

தலையைக் குனிந்துகொண்டார். தப்பு பண்ணி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது.

"லட்சம் கிலோமீட்டர் தாங்கும்ல. ஒரு தடவை டார்ச் அடிச்சு, சாமி கும்பிட்டு, எப்படியோ மாட்டிட்டா, அந்த வண்டி திரும்பி பிளக்குக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும். நம்மகிட்ட வர்ற வண்டி எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணா இரிடியம் போட்டு முடிச்சுட்டா, அதுக்கப்புறம் யாரும் என்னை பிளக் மாட்டச் சொல்ல மாட்டாங்கன்னு கணக்குப் போட்டேன். மத்த வேலையைச் செஞ்சு ஓட்டிடலாம்னு நெனச்சேன்."

ஹாரனிடம் இன்னும் ஓடும், இன்னும் ஓடும் என்று தள்ளிப்போட்டதும் அதனால்தான். இரிடியம் வாங்க மாட்டேன் என்றவனுக்கு அவரால் அதைத்தான் சொல்ல முடிந்திருக்கிறது.

"ஊரே கமிஷன்னு பேசிச்சே. நான் மொதல்ல ஆரம்பிச்சேன். ஏன் அண்ணே சும்மா இருந்தீங்க?"

"திருடன்னு நெனச்சா பக்கத்துலயே நின்னு கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டு வண்டியைக் குடுப்பான். கை செத்தவன்னு தெரிஞ்சா குடுக்கவே மாட்டான்."

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று என் அம்மா என்னிடம் சொல்லாத நாள் இல்லை. அம்மா உயிரோடு இருந்தால் அன்றைக்கு அவள் முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லக் கூடாது. அவளுக்குக் கண்ணு போச்சு, எனக்குக் கை போச்சுன்னு ஒரே வீட்டுல எதிரெதிரா உக்காந்து அழவா? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். வாயை அடக்கத் தெரியாதவளிடம் கேட்ட சத்தியம் அது.

எங்கள் கார் இன்ஜினில் பிளக் உட்காருகிற மேல்பாகத்தைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்து, போன மரைக்குப் பதில் இரும்பில் ஒரு புது மரை செருகிக்கொண்டு வந்தார்கள். மறுபடி பிளக் மாட்ட வேண்டும். ஷெட் கதவைப் பாதி சாத்திவிட்டு நான் சொன்னேன்.

"நீங்க தள்ளுங்க. நான் மாட்டறேன். எப்படின்னு சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷமாக பிளக் விற்கிறேன். ஒன்றைக்கூட மாட்டியதில்லை. ரப்பர் ட்யூப்பில் பிளக்கைச் செருகிக் குழிக்குள் இறக்கினேன்.

"மொதல்ல எதிர்ப்பக்கமா சுத்து. கழட்டற பக்கம். மெதுவா. ஒரு இடத்துல லேசா விழும். அங்கதான் மரையோட வாய். விழுந்ததும் நிறுத்திட்டு இந்தப் பக்கம் திருப்பு."

சுற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். பிறகு, ட்யூப்புக்குள் ஏதோ ஒரு இழை கீழே இறங்கின மாதிரி, விரல் நுனியில் ஒரு சின்னத் தட்டல்.

"விழுந்துச்சு அண்ணே!"

"விழுந்துச்சா? எப்படி இருந்துச்சு?"

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பிளக் சரியாக உட்கார்ந்ததா என்று சோதிப்பதற்காக அவர் கேட்கவில்லை. முப்பது வருஷம் தினமும் தன் விரலில் விழுந்ததை இன்னொருத்தி வாயால் ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், "லேசா தட்டுச்சு" என்பதற்கு மேல் எதையும் சொல்லாமல் நின்றது.

"ஆங், அதான்" என்றார். "அதேதான்."

நாலையும் நானே மாட்டினேன். அரைச் சுற்று மட்டும் அவர் சுற்றினார். வண்டி பூப்போல ஸ்டார்ட் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே எல்லா வண்டிக்கும் நான் வந்து மாட்டித் தர்றேன் அண்ணே. ஒரு குரல் குடுங்க, போதும்."

"உன் வண்டிக்கு நீ மாட்டின. ஊரான் வண்டிக்கு மாட்டினா, பாத்துக்கிட்டு நிக்கறவன் கேக்க மாட்டானா, மெக்கானிக் எதுக்கு கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான்னு? வேண்டாம். விடு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. அன்றிலிருந்து பிளக் வேலைக்கு யார் வந்தாலும் முனை ஒர்க்‌ஷாப்புக்குக் கைகாட்டிவிட்டார். ஆயில் மாற்றுவது, காற்று வடிகட்டி தட்டுவது, வைப்பர் மாட்டுவது என்று இருந்தார். அதற்கும் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

என்னால் ஆன பிராயச்சித்தம் என்று ஹாரனைக் கூப்பிட்டு வைத்துப் பேசினேன்.

"அந்தக் கமிஷன் பேச்சு சும்மா விளையாட்டுக்குச் சொன்னது தம்பி. அவர் ஒரு சல்லிக்காசு வாங்கினதில்ல. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எல்லாருக்கும் இரிடியம்?"

அண்ணனுக்குக் கொடுத்த சத்தியம் குறுக்கே நின்றது. கல்லாவில் இருந்த சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

அவன் சிரித்தான். "ஓ, உங்களுக்கும் பங்கு உண்டா அக்கா? நல்லா இருங்க."

சாயங்காலத்துக்குள் அதுவும் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட முடியுமா? அதைத் திறந்துவிட்டவளாலேயே மூட முடியவில்லை.

அடுத்த வாரம் அண்ணி கடைக்கு வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாத்தனாரே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உங்க அண்ணனுக்கு வெளியில ஏதாவது பழக்கம் இருக்கா?"

"என்ன அண்ணி பேச்சு இது!"

"ஊசி கோத்துக் குடுக்கறதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகுது. கேட்டா நேரமில்லைங்கறார். நேரமில்லாதவர் மணிக்கணக்கா கட்டில்ல உக்காந்து விட்டத்தைப் பாக்கறார். நான் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கெஞ்சிக் கோத்துக்கறேன். கையைப் பிடிச்சா உதறிடறார். இருபத்தாறு வருஷத்துல என் கையை உதறினதில்ல. நான் அவருக்கு அலுத்துப் போயிட்டேன் போல."

கையை உதறுவது ஏன் என்று எனக்குத் தெரியும். பிடித்தது அவருக்குத் தெரியாமல் போய், அது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான். சொல்வதற்கு நாலு வார்த்தை போதும். நாக்கின் நுனிவரை வந்தது. எதிரே ஷெட்டில் அண்ணன் நின்றுகொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் வார்த்தையை விழுங்கினேன்.

"அண்ணன் அப்படியெல்லாம் இல்ல அண்ணி. வியாபாரம் இல்லாத கவலை, அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை. "நீ அவர் பக்கம்தான் பேசுவ" என்று சொல்லி எழுந்து போனாள். வாழ்நாளில் முதல்முறையாக வாயை அடக்கினேன். அதிலும் யாருக்கும் நன்மை இல்லை.

மறுநாள் கடை திறந்ததும் அண்ணன் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் பஞ்சு உருண்டை, ஊசிகள், மூன்று நூல்கண்டு.

"நீ கோத்துக் குடு" என்றார். "இப்பவே வீட்டுக்குப் போய் அவகிட்ட குடுத்துட்டு வர்றேன். ஷெட்ல உக்காந்து நான் கோத்ததா இருக்கட்டும்."

"அண்ணே, சொல்லிடுங்களேன். நேத்து அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா?"

"தெரியும். என்னையும் கேட்டா." பஞ்சு உருண்டையை என் பக்கம் நகர்த்தினார். "கோத்துக் குடும்மா."

கல்லா மேஜையில் உட்கார்ந்து இருபது ஊசியும் கோத்தேன். வெள்ளை ஏழு, கறுப்பு ஏழு, நீலம் ஆறு. ஒரு வாடிக்கையாளர் வந்து ஆயில் ஃபில்டர் கேட்டார். இருங்கள் என்று சொல்லி நிறுத்திவைத்தேன். வரிசையாகக் குத்தி, நூல் சிக்காமல் தொங்கவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவர் முகத்தில் வெகு நாளுக்கப்புறம் மனசாரச் சிரிப்பைப் பார்த்தேன்.

"இன்னிக்கு அவ மூஞ்சியைப் பாக்கணுமே" என்று சொல்லி, உருண்டை கீழே விழுந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அவர் கையிலிருந்து ஒரு சிவப்பு நூல் தொங்கியது. நான் சிவப்பு கோக்கவில்லையே என்று நினைத்தேன். அடுத்த நொடி அது சொட்டியது.

"அண்ணே, நில்லுங்க."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். ஒரு ஊசி பஞ்சைத் துளைத்து மறுபக்கம் வந்து, கட்டைவிரலுக்குள் பாதிக்கு மேல் போயிருந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஊசி கழண்டு இருந்துச்சு."

அதை உருவி எடுத்தேன். அவர் கை அசையவில்லை. கல்லாத் துணியால் விரலைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், கிரீஸ் ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன். நம்பினார். பத்தொன்பது ஊசியோடு தெருவைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தார். அந்த ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.